தமிழ் நாடக நிருவாகப் பயிற்சி: சபா மரபும் இன்றைய உள்ளகப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

நாடகக் கலைஞர் உருவாகும் முறை குறித்துத் தமிழில் விரிவான ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. நாடகத்தை ஊர்தோறும் கொண்டுசெல்லும் நிருவாகியும் தயாரிப்பாளரும் உருவாகும் முறை அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலர் சபாக்களும் பயில்முறைச் சபைகளும் இவ்வறிவைப் பெயரிடாமலேயே கைமாற்றித் தந்தன. சபாக்கள் மறைந்தபின் அவ்வழி அடைபட்டது. அதன் இடத்தை நிரப்பவல்லது உள்ளகப் பயிற்சி. எனினும் ஊதியம், கற்றல் உள்ளடக்கம், மதிப்பீடு ஆகிய மூன்றும் வரையறுக்கப்படாத உள்ளகப் பயிற்சி கூலியில்லா உழைப்பாகவே முடியும். இக்கருத்தை வரலாறு, சட்டம், கணக்கு என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நாடக நிருவாகம், தயாரிப்பாளர், உள்ளகப் பயிற்சி, பாலர் சபா, தொழில் பழகுநர், நாடகக் கல்வி.

முன்னுரை

ஒரு நாடகம் மேடையேற நடிகர், இயக்குநர், இசைஞர், ஒப்பனையாளர் ஆகியோர் தேவை என்பதை எவரும் அறிவர். அரங்கை முன்பதிவு செய்தல், உரிமம் பெறுதல், நூலாசிரியரின் இசைவைப் பெறுதல், நுழைவுச்சீட்டு விற்றல், பயணத்திற்கும் தங்குமிடத்திற்கும் ஏற்பாடு செய்தல், நிகழ்ச்சி முடிந்தபின் கணக்கைத் தீர்த்தல் ஆகிய பணிகளைச் செய்பவரின் பெயர் பெரும்பாலும் அழைப்பிதழின் கடைசி வரியில் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. இப்பணிகளில் ஒன்று தவறினாலும் நாடகம் நடைபெறாது.

இன்றைய தமிழ் நாடகக் குழுக்கள் பலவற்றில் இப்பொறுப்புகள் அனைத்தையும் இயக்குநரே சுமக்கிறார். அவர் தளர்ந்தாலோ மறைந்தாலோ குழுவும் உடன் தளர்கிறது. நாடகப் பிரதி அச்சில் எஞ்சும்; நடிப்பு முறை மாணவர்களிடம் எஞ்சும்; குழுவை நடத்திய அறிவு மட்டும் அவரோடு போய்விடும். இவ்விழப்பைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாக, தொடக்க நிலை நாடக நிருவாகிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்குமான உள்ளகப் பயிற்சியைக் கருதலாம்.

மூன்று சொற்கள்: குருகுலம், தொழில் பழகுதல், உள்ளகப் பயிற்சி

இம்மூன்றும் ஒன்றெனக் கருதப்படுவதால் குழப்பம் நேர்கிறது. குருகுல முறையில் மாணவர் ஆசிரியரோடு தங்கி, காலவரையறையின்றி, அவருடைய முழுக் கலையையும் கற்கிறார். தொழில் பழகுதலில் கால அளவும் உதவித்தொகையும் ஒப்பந்தத்தால் வரையறுக்கப்படுகின்றன. இந்தியாவில் இதற்கு 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் உண்டு. உள்ளகப் பயிற்சியோ கல்வியின் ஒரு பகுதியாகவோ அதன் தொடர்ச்சியாகவோ, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, ஒரு நிறுவனத்திற்குள் இருந்து அதன் நடைமுறையை அறிவதாகும். முதலிரண்டிற்கும் தெளிவான கடமைகள் உள்ளன. மூன்றாவதில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது பல நேரங்களில் எழுதப்படுவதில்லை. இத்தெளிவின்மையே அதன் வசதியும் அதன் இடரும் ஆகும்.

சபாக்களில் நிகழ்ந்த பெயரில்லாப் பயிற்சி

தமிழ் நாடக வரலாற்றில் நிருவாக அறிவு கைமாறிய இருவேறு வழிகளைக் காணலாம். ஒன்று பயில்முறைச் சபை. மற்றொன்று தொழில்முறைப் பாலர் சபா.

பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர், அலுவலர் முதலிய கற்றோர் உறுப்பினராக இருந்த இச்சபை, நாடகத்தைக் குடும்பத் தொழிலாகவோ முதலாளியின் வணிகமாகவோ கொள்ளாமல், உறுப்பினர் சந்தாவும் நிருவாகப் பொறுப்பாளர்களும் உடைய சங்கமாக நடத்தியது. ஒத்திகை ஒழுங்கு, குறித்த நேரத்தில் தொடங்குதல், கணக்கு வைத்தல் ஆகியவை கலைக்கு வெளியே உள்ள செயல்களல்ல, கலையின் பகுதியே என்னும் எண்ணம் இச்சூழலில் வேரூன்றியது. சம்பந்த முதலியார் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' நடிப்புக் குறிப்புகளோடு சபை நடத்துவதன் சிக்கல்களையும் பதிவுசெய்வதால், தமிழ் நாடக நிருவாகத்தின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகவும் அதனைப் படிக்க இடமுண்டு.

பாலர் சபாக்களின் வழி வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா 1918 இல் மதுரையில் தோன்றியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சிறுவர்களாகச் சேர்ந்தனர். 1912 இல் பிறந்த டி.கே. சண்முகத்திற்கு அப்பொழுது ஆறு வயது. 1925 இல் இச்சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபா என்னும் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். ஏழாண்டு இடைவெளியில் நடிகராக இருந்தோர் நிறுவனம் நடத்துவோராக மாறினர். ஜெகந்நாத ஐயரின் குழுவில் பயின்ற நவாப் இராஜமாணிக்கமும் பின்னர் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவை நிறுவினார். ஒரு சபாவில் பயின்றவர் மற்றொரு சபாவை நிறுவுதல் அக்காலத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

இதற்குக் காரணம் சபாவின் வாழ்முறையாகும். குழு ஓர் ஊரில் பல வாரங்கள் முகாமிட்டது. அடுத்த ஊரில் கொட்டகை, உரிமம், தங்கும் வீடு ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியிருந்தது. துண்டறிக்கை அடித்தல், வசூல் குறையும் நாளில் நாடகத்தை மாற்றுதல், காட்சித் திரைகளைக் கட்டி ஏற்றுதல் ஆகிய அனைத்தும் சிறுவர்களின் கண்முன்னே நடந்தன. நடிப்பைப் போல நிருவாகத்திற்குப் பாடவேளை இல்லை. ஆயினும் உடனிருத்தலே பாடமாயிற்று.

இம்முறையைப் பொற்காலமாகக் காண்பதும் பிழையாகும். சிறுவர்கள் பள்ளிக் கல்வியை இழந்தனர். பெற்றோரைப் பிரிந்து, முதலாளியின் கட்டுப்பாட்டில், மிகக் குறைந்த சம்பளத்தில் வாழ்ந்தனர். நடுவில் விலகும் உரிமை அவர்களுக்கு எளிதாக இல்லை. கற்றலும் சுரண்டலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இன்றைய உள்ளகப் பயிற்சியை மதிப்பிடும்போது இவ்விரட்டைத் தன்மை நினைவில் கொள்ளத்தக்கது.

அறுபட்ட தொடர்ச்சி

திரைப்படத்தின் வளர்ச்சியால் தொழில்முறைச் சபாக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொன்றாக மறைந்தன. அதன்பின் மூன்று வகை அமைப்புகள் எஞ்சின. முதலாவது, சென்னைச் சபாக்களை நம்பிய பயில்முறைக் குழுக்கள். இங்குச் சபாவே அரங்கையும் பார்வையாளரையும் தருவதால், குழு தன் பார்வையாளரைத் தானே தேடும் திறனை வளர்க்க வேண்டிய தேவை குறைந்தது. இரண்டாவது, தென்மாவட்டங்களின் இசை நாடகம் எனப்படும் 'ஸ்பெஷல்' நாடகம். இதில் நிலையான குழுவே இல்லை. கோயில் விழாக் குழுவினருக்காக முகவர் ஒவ்வொரு நடிகரையும் ஓர் இரவிற்குத் தனித்தனியே ஒப்பந்தம் செய்கிறார். நிருவாக அறிவு முழுவதும் முகவரிடம் குவிகிறது. மூன்றாவது, 1977 இல் ந. முத்துசாமி முதலியோர் தொடங்கிய கூத்துப்பட்டறையும் அதன் காலத்தவையும் பின்வந்தவையுமான நவீன நாடகக் குழுக்கள். இவை நடிகர் பயிற்சியில் ஆழமாக உழைத்தன. நிருவாகத்திற்கெனத் தனி ஆளை வைத்துக்கொள்ளும் வசதி இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வாய்க்கவில்லை.

உயர்கல்வியும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 1959 இல் தொடங்கப்பட்ட தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு நடிப்பையும், இயக்கம், வடிவமைப்பு ஆகியவற்றையும் சிறப்புப் பாடங்களாகக் கொண்டது. தயாரிப்பும் மேலாண்மையும் தனிச் சிறப்புப் பாடமாக வளரவில்லை. இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் குரு–சிஷ்ய மரபு நிதியுதவியும் தன் பெயருக்கேற்ப ஆசிரியரையும் மாணவக் கலைஞரையும் கணக்கில் கொண்டே அமைந்துள்ளது. குழுவின் கணக்கை எழுதுபவருக்கு அதில் தனி இடம் இல்லை. இதனால் நிருவாகி கலைஞர் என்ற பெயரில்தான் உதவி பெறக்கூடும். தன் தொழிலின் பெயரில் பெற இயலாது.

கருநாடகத்தின் ஹெக்கோடு சிற்றூரில் 1949 இல் தோன்றிய நீநாசம் அமைப்பு ஒரு மாற்றுச் சான்றாக அமைகிறது. 1980 இல் நாடகப் பயிற்சி நிறுவனத்தையும், 1985 இல் 'திருகாட்ட' என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவையும் அது தொடங்கியது. பயின்றவர்கள் ஊர் ஊராகச் சென்று நாடகங்களை நிகழ்த்துகின்றனர். ஏற்றுதல், இறக்குதல், உள்ளூர் அமைப்பாளரோடு பேசுதல் ஆகியவை பயணத்தின் அன்றாடப் பணிகளாவதால் சபாக் காலத்தின் உடனிருந்து கற்றல் இங்கே புதிய வடிவில் தொடர்கிறது. அண்மைக் காலத்தில் இந்திய நாடக மன்றம் உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து நாடகக் குழுக்களுக்கென மேலாண்மைப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியதும் இத்தேவை அனைத்திந்திய அளவில் உணரப்பட்டதைக் காட்டுகிறது.

நிருவாகி கற்க வேண்டுவது: ஒரு கணக்கு

நாடக நிருவாகம் என்பது 'வேலை வாங்கும் திறமை' எனச் சுருக்கிக் கூறப்படுவதுண்டு. அதன் உள்ளே கற்பிக்கத்தக்க அறிவு உள்ளது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

200 இருக்கைகள் கொண்ட அரங்கில், நுழைவுச்சீட்டு 200 ரூபாயாக ஒரு நாடகம் நடைபெறுவதாகக் கொள்வோம். அரங்க வாடகை 10,000, ஒளி ஒலி வாடகை 8,000, பயணம் 4,000, விளம்பரம் 2,000 எனில் அன்றைய செலவு 24,000 ரூபாய். 120 சீட்டுகள் விற்றால் இச்செலவு ஈடாகும். அரங்கில் பாதிக்கு மேல் கூட்டம் இருப்பதால் நாடகம் வெற்றி என்றே பார்வையாளர் கருதுவர். ஆயின் நடிகர்களுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை. 12 நடிகர்களுக்கு ஆளுக்கு 500 ரூபாய் தருவதாயின் மேலும் 6,000 வேண்டும். அதற்கு 150 சீட்டுகள் விற்க வேண்டும். காட்சியமைப்பிற்கும் உடைக்கும் ஒத்திகைக்கும் முன்னரே 60,000 ரூபாய் செலவாகியிருந்து, நாடகம் பத்து முறை மட்டுமே நிகழ்ந்தால், ஒவ்வொரு நிகழ்ச்சியும் 6,000 ரூபாயைச் சுமக்கும். அப்பொழுது 180 சீட்டுகள் விற்றாக வேண்டும். அதே நாடகம் இருபது முறை நிகழ்ந்தால் அச்சுமை 3,000 ஆகக் குறைந்து 165 சீட்டுகளே போதும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, முதல் மேடையேற்றத்தோடு நின்றுவிடும் நாடகம் அரங்கு நிறைந்தாலும் நட்டத்திலேயே முடியும். இரண்டாவது, நிருவாகியின் முதன்மைப் பணி ஒரு நாள் அரங்கை நிரப்புவதன்று. மறுநிகழ்ச்சிகளைத் தேடித் தருவது. கலைஞரின் ஊதியம் நிருவாகியின் திறனைச் சார்ந்துள்ளது என்பதும் இதனால் தெளிவாகும்.

கணக்கோடு சட்ட அறிவும் வேண்டும். இந்தியாவில் நூலாசிரியரின் பதிப்புரிமை அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. புதினத்தை நாடகமாக்கும் குழு, அந்நூல் நாட்டுடைமையாக்கப்பட்டதா, உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றை ஒத்திகைக்கு முன்பே அறிய வேண்டும். நாடக நுழைவுச்சீட்டிற்கான சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு வரம்பு 2018 ஜனவரியில் 250 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்ந்தது. சீட்டின் விலையை முடிவுசெய்வோர்க்கு இது இன்றியமையாத செய்தி. 1954 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் சில பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 இல் செல்லாதவை என அறிவித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி. அரங்கிற்கு வெளியே நிகழும் இத்தகைய செயல்களும் நாடகத்தை உயிர்ப்பிப்பனவே.

ஊதியம் என்னும் வினா

உள்ளகப் பயிற்சியைப் பற்றிய உலகளாவிய விவாதத்தின் மையம் ஊதியமாகும். அமெரிக்காவில் திரைப்படத் தயாரிப்பு ஒன்றில் ஊதியமின்றிப் பணியாற்றிய பயிற்சியாளர்கள் 2011 இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின்மீது தொடுத்த கிளாட் வழக்கு கலைத்துறை முழுவதையும் பாதித்தது. 2013 இல் மாவட்ட நீதிமன்றம் பயிற்சியாளர் தரப்பை ஏற்றது. 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வுறவால் முதன்மைப் பயன் அடைபவர் பயிற்சியாளரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என வரையறுத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 இல் இவ்வளவுகோலை ஏற்றது. பயிற்சி கல்வியோடு இணைந்துள்ளதா, ஊதியம் பெறும் பணியாளரின் இடத்தைப் பயிற்சியாளர் நிரப்புகிறாரா என்பன போன்ற வினாக்கள் அவ்வளவுகோலில் அடங்கும்.

பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணியாளராகவே உழைப்பவரைப் 'பயிற்சியாளர்' என அழைப்பதால் மட்டும் ஊதியக் கடமையிலிருந்து நிறுவனத்தை விடுவிப்பதில்லை. உயர்கல்விப் பாடத்தின் பகுதியாக ஓராண்டுக்கு மிகாமல் நிகழும் பயிற்சிக்கும், அறநிறுவனங்களின் தன்னார்வப் பணிக்கும் விலக்குகள் உள்ளன. நாடக நிறுவனங்கள் பல அறநிறுவனங்களாக இருப்பதால் இவ்விலக்கு முக்கியமானது. இலண்டனின் ஸ்டேஜ் ஒன் அமைப்பு, புதிய தயாரிப்பாளர்களுக்கென்றே பயிலரங்கு, பணியிடப் பயிற்சி, தொடக்க நிதி ஆகியவற்றை வழங்குகிறது. நடிகரைப் போலத் தயாரிப்பாளரும் பயிற்றப்பட வேண்டியவர் என்னும் ஏற்பு அதன் அடிப்படையாகும்.

இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டத்தின் 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் விருப்பத் தொழில்களுக்கும் இடமளித்தது. 2019 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனங்களுக்குப் பழகுநரைச் சேர்த்தல் கட்டாயமாகும்; 4 முதல் 29 பணியாளர் கொண்டவற்றிற்கு விருப்பத்தைப் பொறுத்தது. நிலையான பணியாளர் ஒருவரும் இல்லாத, சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்யப்பட்ட நாடகக் குழு இச்சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறது. எனவே பயிற்சியாளருக்கும் குழுவுக்கும் இடையிலான உறவு நல்லெண்ணத்தை மட்டுமே நம்புகிறது.

ஊதியமின்மையின் விளைவு பயிற்சியாளரின் தனிப்பட்ட துன்பத்தோடு முடிவதில்லை. சென்னையில் ஆறு மாதம் தன் செலவில் தங்க இயல்பவர் மட்டுமே நிருவாகியாகலாம் எனில், நாடகம் எந்த ஊருக்குப் போக வேண்டும், சீட்டின் விலை என்ன, எவர் அழைக்கப்படுவர் என முடிவுசெய்யும் இடத்தில் ஒரே வகைப் பின்னணியினரே அமர்வர். முதல் தலைமுறைப் பட்டதாரியும், கூத்துக் குடும்பத்து இளைஞரும், இரவு ஒத்திகைக்குப் பின் பாதுகாப்பாகத் திரும்ப ஊர்தி வேண்டிய பெண்ணும் வெளியே நிறுத்தப்படுவர்.

பயிற்சியின் அமைப்பு

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உள்ளகப் பயிற்சியின் இன்றியமையாக் கூறுகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, எழுத்து ஒப்பந்தம். கால அளவு, நாள்தோறும் பணி நேரம், உதவித்தொகை, உணவு, பயணச் செலவு, பொறுப்பாசிரியர், முறையீடு செய்யத்தக்க வேறொருவர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பெரிய தொகை தர இயலாத குழுவும் பயணத்திற்கும் உணவிற்குமான செலவை ஏற்றல் குறைந்தபட்சக் கடமையாகும்.

இரண்டாவது, சுழற்சி. பயிற்சியாளர் முன்பதிவு, விளம்பரம், மேடை மேலாண்மை, பயணம், கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலும் குறித்த காலம் இருத்தல் வேண்டும். தேநீர் வாங்குவதும் நாற்காலி அடுக்குவதும் நாடகக் குழுவில் எல்லோரும் செய்யும் வேலைகளே. அவற்றைப் பயிற்சியாளர் மட்டுமே செய்யும் நிலையில் அங்குப் பயிற்சி இல்லை.

மூன்றாவது, கணக்கைக் காட்டுதல். குழுக்கள் பெரிதும் தயங்கும் இடம் இதுவே. வரவு செலவு ஏட்டைக் காணாத பயிற்சியாளர் நிருவாகத்தின் வாயிலில் நின்று திரும்பியவரே ஆவார். நிகழ்ச்சி முடிந்த இரவில் கணக்குத் தீர்க்கும்போது அவர் உடனிருக்க வேண்டும்.

நான்காவது, பொறுப்பளித்தல். பயிற்சியின் இறுதியில் ஒரு சிறு நிகழ்ச்சியைத் திட்டமிடுதல் முதல் கணக்கு முடித்தல் வரை அவரே நடத்த வேண்டும். அதன் வரவுசெலவுத் திட்டத்தையும் உண்மைச் செலவையும் ஒப்பிடும் அறிக்கையே மதிப்பீட்டு ஆவணமாகலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான பாடத்திட்டக் கட்டமைப்பு உள்ளகப் பயிற்சிக்கு மதிப்புப் புள்ளி வழங்குகிறது. தமிழிலக்கிய மாணவர்க்குப் பதிப்பகமும் இதழும் பயிற்சியிடங்களாவது போல நாடகக் குழுவும் ஆகலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை போன்றவை வணிகவியல் துறைகளோடு இணைந்தால், கணக்கறிந்த நாடக மாணவரும் நாடகமறிந்த வணிகவியல் மாணவரும் உருவாவர். ஆயின் மதிப்புப் புள்ளி உதவித்தொகைக்கு மாற்றாகாது. புள்ளி தரப்படுவதைக் காரணம் காட்டி ஊதியத்தை மறுக்கும் நிலை நேராதவாறு கல்லூரிகள் ஒப்பந்தத்தில் தாமும் ஒரு தரப்பாக வேண்டும்.

முடிவுரை

பாலர் சபாக்கள் நிருவாகிகளை உருவாக்கின. அதற்குச் சிறுவர்களின் கல்வியும் விடுதலையும் விலையாயின. இன்றைய குழுக்கள் அவ்விலையை வாங்குவதில்லை, அவ்வறிவைத் தருவதுமில்லை. சபாவின் உடனிருந்து கற்றலை ஏற்று அதன் சுரண்டலை விலக்கும் முறையாகவே உள்ளகப் பயிற்சி அமைய வேண்டும். அதற்கு எழுத்து ஒப்பந்தம், வாழ்வுக்குப் போதிய உதவித்தொகை, திறந்த கணக்கேடு, தனிப் பொறுப்பு ஆகிய நான்கும் அடிப்படைகளாகும்.

தமிழ் நாடக ஆய்வு பிரதியையும் நிகழ்த்துதலையும் ஆராய்ந்தது போலக் குழுக்களின் கணக்கேடுகள், ஒப்பந்தங்கள், துண்டறிக்கைகள், கடிதங்கள் ஆகியவற்றையும் தொகுத்து ஆராய வேண்டும். அத்தொகுப்புப் பணியே உள்ளகப் பயிற்சியாளர் ஒருவருக்கு அளிக்கத்தக்க நல்ல முதற்பணியாகும். ஒரு குழுவின் பழைய கணக்கேட்டை வரிசைப்படுத்துபவர், அக்குழு எவ்வாறு நிலைத்தது, எங்கே தடுமாறியது என்பதையும் அதனூடே கற்றுக்கொள்கிறார்.